அந்த ‘நான்’ நீயா இருக்கக்கூடாது

— ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் டீச்சர்? நானும் வந்து அரை மணி ஆச்சு. நீங்க நோட்டப் புரட்டிக்கிட்டே இருக்கீங்க.

— போடுறேன் அதேலியாக்கா. கொஞ்சம் இருங்க, முதல்ல உக்காருங்க. அது சின்னப் பிள்ளைங்க பெஞ்சு, ஓரத்துல உக்காந்தா கவுந்துரும். நடுவுல உக்காருங்க.

— உக்கார வரல. என் மக ஜெனலினோட பள்ளிக்கூட மாத்தல் காகிதத்தக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருப்பேன். அடுப்புல உலை வச்சுட்டு வந்திருக்கேன்.

— சனிக்கிழமை படகா?

— ஆமா, காலைல முதல் படகு. மரிந்துக்கே தீவுல என் நாத்தனார் வீடு. அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கயும் உங்கள மாதிரி டீச்சருங்க இருக்காங்க.

— வருசம் முடிய மூணு மாசம்தான் இருக்கு. நாலாம் வகுப்ப முடிச்சுட்டுப் போனா என்னக்கா?

— அத என்கிட்ட கேக்காதீங்க. அவங்க அப்பாகிட்ட கேளுங்க.

— அவரப் பாக்கவே முடியலையே. ரெண்டு தடவை ஆள் விட்டேன், வரல.

— எங்க வருவாரு? கடல்லேர்ந்து வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, வாசல் தாண்டல. படகுக்காரங்க வந்து வந்து கூப்பிட்டுப் பாத்துட்டு வேற ஆளச் சேத்துக்கிட்டுப் போயிட்டாங்க. வெறுந்தூளிய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அவுத்துருவோம்னு சொன்னா முறைக்கிறாரு.

— உங்க சின்னவன் நிக்கோவோட நாப்பதாம் நாள் ஜெபத்துக்கு நானும் வந்தேனே. பாத்தேன். ஜெனலின் மட்டும் பின்னால பம்படியில தனியா உக்காந்திருந்தா. ஏம்மா உள்ள வரலன்னு கேட்டேன். ‘அப்பா இருக்காங்க டீச்சர்’னா.

— அதான் பாருங்க. உங்களுக்கே தெரியுது. அவ போட்ட சோத்த அவரு தொடமாட்டேங்கிறாரு. அவ மொண்டு வச்ச தண்ணியக் கீழ கொட்டிட்டு வேற மொண்டு குடிக்கிறாரு. பேரு சொல்லிக் கூப்பிடுறது கிடையாது, ‘அது’ங்கிறாரு. ‘அது சாப்பிட்டுச்சா, அத அந்தப் பக்கம் போகச் சொல்லு.’ பத்து வயசுப் புள்ள எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாத்தனார் வீட்டுக்குப் போனா வயித்துக்காவது ஒழுங்காத் தின்னும்.

— அப்படி என்னக்கா பண்ணிட்டா?

— எங்க வீட்டுல நடந்தது உங்களுக்குத் தெரியாதாக்கும்.

— அரசல் புரசலாத் தெரியும். நீங்க சொல்லி நான் கேட்டதில்ல.

— தச்சர் தூரோ மாமா செத்தாருல்ல, அந்த வீட்டுக்குப் பலகாரத் தட்டு குடுத்துவிட்டேன். போனவ வழியில எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு வந்துட்டா. வந்த கையோட தம்பியத் தூக்கிட்டா. மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் முடிஞ்சுபோச்சு. போதுமா?

— ஆஸ்பத்திரில நிமோனியான்னு எழுதிக் குடுத்தாங்களே.

— எழுதுவாங்க, அவங்களுக்கு எழுதத்தான தெரியும். நீங்க சொல்லுங்க டீச்சர், நாலு எழுத்துப் படிச்சவங்க நீங்க. சாவு வீட்டுக்குப் போனா நேரா வீட்டுக்கு வருவீங்களா?

— மாட்டேன்.

— பாத்தீங்களா!

— போன மாசம்கூட பேக்கரில நின்னு, வேண்டாத பன்னு ரெண்டு வாங்கிட்டுத்தான் வந்தேன். அங்க இங்க நின்னு வந்தாதான் செத்தவங்க வழி தப்பித் திரும்பிப் போவாங்க, இல்லன்னா நம்ம கூடவே வீடு வரைக்கும் வந்துருவாங்கன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்திருக்கோம். நம்புறியான்னு கேட்டா, சொல்லத் தெரியல. ஆனா நிக்காம வரவும் எனக்குத் தைரியம் கிடையாது.

— அப்புறம் என்ன! நீங்களே இப்படின்னா, அவரு புள்ளயப் பறிகுடுத்த மனுசன்.

— அதனாலதான் அக்கா உங்கள உக்கார வச்சிருக்கேன். வேற டீச்சரா இருந்தா இந்த நோட்டப் பாத்துட்டுச் சிரிச்சிருப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மூணு நாளா பையிலயே வச்சுக்கிட்டுத் திரியிறேன்.

— என்ன நோட்டு அது?

— ஜெனலினோட கதை நோட்டு.

— கதையா! வீடு இருக்கிற இருப்புல கதை எழுதுறாளா அவ? நீங்களும் எழுத விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா? கணக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர், நாளைக்கு ஒரு கடைல நின்னாவது பொழைச்சுக்கும்.

— பாடத்துல இருக்குக்கா. ஒரே கதையா இருந்தாலும் யார் வாயால கேக்குறோம்கிறதப் பொறுத்து அது மாறிடும்னு பிள்ளைங்களுக்குப் புரிய வைக்கணும். எப்படிடா புரிய வைக்கிறதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, நம்ம பள்ளிக்கூடத்துப் பூனை ரென்சோவோட டப்பாலேர்ந்து கருவாட்டத் தூக்கிட்டு ஓடிருச்சு. வகுப்பே அமளிதுமளி. சரி, எல்லாரும் இதையே எழுதுங்கடான்னேன். முதல்ல ரென்சோவா எழுதுங்க, அப்புறம் பூனையா எழுதுங்க.

— பூனையாவா? நல்லாத்தான் பாடம் நடத்துறீங்க.

— கேளுங்க. ரென்சோவா எழுதும்போது பூனை திருட்டு மூதேவி. பூனையா எழுதும்போது பாத்தா, மூணு நாளாப் பட்டினி, மாடிப்படிக்குக் கீழ நாலு குட்டி. அதே கருவாடு, அதே டப்பா. ரென்சோ பூனையா எழுதி முடிச்சுட்டு ஓன்னு அழுதுட்டான். மறுநாள் கருவாடு ரெண்டு கொண்டுவந்தான், தனக்கொண்ணு, அதுக்கொண்ணு.

— அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சா முதுகுல நாலு போட்டிருப்பா.

— சிரிச்சுட்டீங்க. நீங்க சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

— சிரிக்கல. சும்மா வாய் கோணுச்சு. மேல சொல்லுங்க, உலை கொதிச்சு வழிஞ்சிருக்கும்.

— அடுத்த வாரம் இன்னொண்ணு குடுத்தேன். உங்க வீட்டுல நடந்த ஒண்ண எழுதிட்டு வாங்கன்னேன். ‘நான்’னுதான் எழுதணும். ஆனா அந்த ‘நான்’ நீயா இருக்கக்கூடாது. வீட்டுல இருக்கிற வேற யாராவதா இருக்கணும். அவங்களுக்கு என்ன தெரியுமோ அத மட்டும்தான் எழுதணும், உனக்குத் தெரிஞ்சத அவங்க வாயில திணிக்கக்கூடாது. நிறைய பேரு சேவலா எழுதிட்டு வந்துட்டாங்க, சுலபம்ல. ஒருத்தி அவங்க வீட்டு டிவியா எழுதியிருந்தா.

— ஜெனலின்?

— கொஞ்சம் இருங்க, சொல்றேன்.

— நிக்கோவா எழுதினாளா? ஐயோ மாதாவே! செத்த புள்ளய ‘நான்’னு எழுதினாளா? அவளுக்குக் கை வந்துச்சா?

— நிக்கோவா எழுதல அக்கா.

— அப்ப அவங்க அப்பாவா?

— இல்ல.

— எங்க வீட்டுல இருக்கிறதே நாலு பேரு டீச்சர். ஒருத்தன் மண்ணுக்குள்ள.

— ஆமா.

— அந்த நோட்ட இப்படிக் குடுங்க.

— தரேன். நீங்க வாசிக்கிறீங்களா, நான் வாசிக்கட்டுமா?

— ரெண்டும் வேணாம். நோட்டக் குடுத்துருங்க, நான் எடுத்துட்டுப் போறேன்.

— எடுத்துட்டுப் போய் அடுப்புல வைப்பீங்க.

— வச்சா என்ன? என் புள்ள நோட்டு.

— வைக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுருங்க. உங்க பேர்ல எழுதியிருக்கா. நீங்க கேக்காம அது வேற யாரு கேக்குறது? வாசிக்கிறேன். ‘நான் தூரோ மாமா வீட்டுக்குப் பலகாரத் தட்டு எடுத்துக்கொண்டு போனேன். பால் கொடுக்கிறவள் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது, ஜெனலினை அனுப்பு என்று என் கணவர் செனியோ கடலிலிருந்து போனில் சொல்லியிருந்தார். ஆனால் என் கல்யாணத்துக்குக் கட்டில் செய்துகொடுத்தது தூரோ மாமா. சின்னப் பிள்ளையைப் பிணத்தின் பக்கத்தில் நிற்க வைக்கவும் எனக்கு மனது வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள் என்று ஜெனலினிடம் சொல்லிவிட்டு நானே போனேன்.’

— நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன்.

— கதவச் சாத்துங்க டீச்சர்.

— பிள்ளைங்கல்லாம் போயாச்சு. ஜெனலின் தோட்டத்துல கத்தரிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா, இங்க பேசுறது கேக்காது.

— உங்ககிட்ட சொல்லிட்டாளா?

— வாயால ஒரு வார்த்தை சொல்லல. நோட்ட மேசைல வச்சுட்டு, ‘மார்க்கு வேணாம் டீச்சர், வகுப்புல வாசிக்க வேணாம்’னா. நான் எத்தனையோ கேட்டுப் பாத்தேன். ‘நீங்கதான வேற ஆளா எழுதச் சொன்னீங்க’ன்னுட்டு ஓடிட்டா.

— மேல என்ன எழுதியிருக்கா?

— ‘காபி குடிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் சீட்டு விளையாடினார்கள். அப்போது தெசியோ அண்ணன் வந்து, வீட்டில் உன் பிள்ளை அழுகிறான் என்றார்.’ பாருங்க, அவளுக்கு அவரு தெசியோ மாமா. உங்க வாயா இருக்கிறதால அண்ணன்னு மாத்தி எழுதியிருக்கா. இந்த இடத்துல நான் சபாஷ்னு எழுதப் போனேன். பேனா ஓடல.

— வாசிங்க டீச்சர்.

— ‘கேட்டதும் எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டு எழுந்தேன். மழை பிடித்துவிட்டது. கடையைத் தாண்டினேன். பேக்கரியைத் தாண்டினேன். நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கால் நிற்கவில்லை.’

— நின்னேன்!

— அக்கா...

— நின்னேன் டீச்சர், மாதா சாட்சியா நின்னேன். அது அவளுக்குத் தெரியாது. பேக்கரி வாசல்ல, அந்தக் கண்ணாடி முன்னாடி ஒரு நிமிசம் நின்னேன். உள்ள ஒரே கூட்டம், மழைக்கு ஒதுங்கினவங்க. மார்பு ரெண்டும் கல்லா வலிக்குது. புள்ள கத்துறது காதுக்குள்ளயே கேக்குது. இப்படி நின்னாலும் நின்னதுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஓடியாந்துட்டேன். ஒண்ணும் வாங்கலையே, உள்ள கால் வைக்கலையே. ஒரு பன்னு வாங்கியிருந்தா என் புள்ள இருந்திருப்பான்.

— அப்படி இல்லக்கா. நிமோனியாக்காரப் பிள்ளைய ஒரு பன்னு காப்பாத்திருமா?

— நீங்க ரெண்டு வாங்கினீங்களே.

— வாங்கினேன். அது என் பயத்துக்கு வாங்கினது.

— சட்டை நனைஞ்சதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்?

— நீங்க நனைஞ்சு வந்ததப் பாத்திருக்கா. கையில எதுவும் இல்லாம வந்ததையும் பாத்திருக்கா. மத்தத நீங்களா நின்னு நினைச்சுப் பாத்து எழுதியிருக்கா. இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுதான் எனக்கே வாசிக்க முடியல.

— வாசிங்க. இனிமே என்ன இருக்கு.

— ‘நிக்கோ செத்த அன்று செனியோ போன் பண்ணினார். சாவு வீட்டுக்கு யார் போனது, வழியில் நின்றீர்களா என்று கேட்டார். ஜெனலின் பக்கத்தில் இருந்தாள். ஜெனலின்தான் போனாள் என்று நான் சொன்னேன். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. செனியோவுக்கு என் மேல் கோபம் வந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவார். அப்புறம் ஜெனலினுக்கு அப்பா இருக்க மாட்டார். பிள்ளை மேல் கோபம் வந்தால் கொஞ்ச நாளில் போய்விடும். பிள்ளையை விட்டு அப்பாக்கள் போக மாட்டார்கள். அதை யோசித்துத்தான் அப்படிச் சொன்னேன்.’ அவ்வளவுதான். கீழ கோடு போட்டு முற்றும்னு எழுதியிருக்கா.

— யோசிச்சு... யோசிச்சுச் சொன்னேன்னா எழுதியிருக்கா?

— ஆமாக்கா.

— நான் எதையும் யோசிக்கல டீச்சர். நான் அவ்வளவு நல்லவ இல்ல. அந்தப் பக்கம் காத்து இரைச்சல், அதுக்குள்ள அவரு அழுற சத்தம். கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசத்துல அவரு அழுது நான் கேட்டதில்ல. ‘நான் போகாதன்னு சொன்னேனே, நீ போனியா?’ன்னு கத்துறாரு. எதிர்ல இவ நின்னுக்கிட்டு இருந்தா. வாயில அவ பேரு வந்துருச்சு. தப்பிச்சாப் போதும்னு சொன்னேன், அவ்வளவுதான். அதுக்குப் போய் இவ்வளவு காரணம் கண்டுபிடிச்சிருக்காளே பாவி மக.

— உங்களுக்காகக் கண்டுபிடிச்சிருக்கா.

— அவகிட்ட போனக் குடுன்னாரு. குடுத்தேன். நான் எதையும் சொல்லிக்குடுக்கல. ‘ஆமாப்பா, நான்தான் போனேன்’னா. எச்சி முழுங்கல, திணறல. நான் அப்பவே போனப் பிடுங்கியிருக்கணும். பிடுங்கலையே! அப்பாடான்னு இருந்துச்சு டீச்சர். புள்ள செத்துக் கிடக்கான், எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இத நான் பாதர்கிட்டகூடச் சொல்லல. சாவு வீட்டுல என்னைப் பாத்தவங்களும் பரிதாபப்பட்டு அவருகிட்ட வாயத் தொறக்கல.

— இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவருகிட்ட சொல்லிரலாம்.

— உங்களுக்கு ஈஸி. உங்களுக்குப் புள்ள குட்டி இருக்கா, புருசன் இருக்காரா?

— இல்ல.

— அதான் பாருங்க. சொன்னா என்ன ஆகும்? புள்ளையவும் கொன்னுட்டு, பழியத் தூக்கி இன்னொரு புள்ள மேல போட்டவன்னு என்னைப் பாப்பாரு. அந்தப் பார்வைல நான் ஒரு நாள் இருக்க மாட்டேன்.

— ஜெனலின் அந்தப் பார்வைலதான் ஒரு மாசமா இருக்கா.

— குத்தாதீங்க டீச்சர்.

— குத்தலக்கா. கையெழுத்துத்தான வேணும், இதோ பேனா. உங்க பிள்ளை, உங்க இஷ்டம். ஆனா அந்தத் தீவுல உங்க நாத்தனாரும் இதே கதையத்தான் கேட்டிருப்பாங்க, நீங்க சொன்ன கதையத்தான். அங்க யாரு கேட்டாலும் ‘ஆமா, நான்தான்’னு இவ தலையாட்டிக்கிட்டு நிப்பா. கொஞ்ச நாள் போனா இவளுக்கே அது நிஜமாயிடும். தன் தம்பியத் தானே கொன்னுட்டோம்னு நினைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வளரணுமா? நான் பாடம் நடத்துறவ, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. இது மட்டும் தெரியும். எங்கக்கா எந்திரிக்கிறீங்க?

— கிழிச்சுருங்க.

— நோட்டையா? நான் மாட்டேன்.

— அந்த மாத்தல் காகிதத்த. கிழிச்சுட்டு அவளக் கூப்பிடுங்க. இங்கேயே அவகிட்ட சொல்லிர்றேன். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குத் தைரியம் போயிரும்.

— ஜெனலின்! வாளிய வச்சுட்டு இங்க வா.

— இதோ வந்துட்டேன் டீச்சர். அம்மா, நீ எப்ப வந்த? ஏன் அழற? டீச்சர், நோட்டக் காட்டிட்டீங்களா?

— காட்டிட்டேம்மா. என்னைக் கோவிச்சுக்கோ.

— அது சும்மா கதைம்மா. பூனை கதை மாதிரி.

— இங்க வாடி. கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? ஈரத்தத் துடை. வா, வீட்டுக்குப் போவோம்.

— காகிதம் வாங்கிட்டியா?

— காகிதமும் இல்ல, படகும் இல்ல. நீ எங்கயும் போகல. கட்டி வச்ச துணியெல்லாம் எடுத்து உள்ள வை. அப்பாகிட்ட நான் சொல்றேன், இன்னைக்கே சொல்றேன், சாவு வீட்டுக்குப் போனது நான், நிக்காம ஓடியாந்தது நான்னு.

— வேணாம்மா. அப்பா உன்னைத் திட்டுவாங்க.

— திட்டட்டும், அடிக்கட்டும். நீ ஒண்ணும் பண்ணாத புள்ள. உன் மேல நான் பொய்யச் சொல்லிட்டேன்.

— நீ பொய் சொல்லலம்மா.

— பொய்தான்டி. நீ அன்னிக்கு வீட்ட விட்டு நகரவே இல்லையே.

— நகரல. தெசியோ மாமா வேலியோரமாப் போனாங்க. அம்மாவ வரச் சொல்லுங்க, தம்பி அழறான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.

— அதுக்கென்ன? புள்ள அழுதான், சொல்லி அனுப்பின. அது ஒரு தப்பா?

— அவன் அழலம்மா. தூங்கிக்கிட்டுத்தான் இருந்தான். பெருசா இடி இடிச்சுச்சு. எனக்குத்தான் நீ வேணும்னு இருந்துச்சு.